மரத்தடியில் தொடங்கிய வழக்கு

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், வைன் இறக்குமதி செய்யும் முகவர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உள்ள சிறு திராட்சைத் தோட்டங்களின் வைனை ஒன்ராறியோ மாநிலத்துக்குக் கொண்டுவருவது அவர்களுடைய தொழில். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது அவர் ஒரு முறைப்பாட்டைச் சொன்னார். தாம் தெரிந்தெடுத்து, தாம் பேரம் பேசி, தாம் பொறுப்பேற்று வரவழைக்கும் வைனில் ஒரு போத்தலைத் தம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தாமாக விற்க இயலாது என்றார். வேண்டுபவர் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டும். அந்தப் பெட்டியும் 1927 முதல் இயங்கும் ஒன்ராறியோ மதுபானக் கட்டுப்பாட்டுச் சபையின் கணக்கில் ஏறி இறங்கித்தான் வாங்குபவர் கைக்குச் சேர வேண்டும். "உற்பத்தியாளனையும் குடிப்பவனையும் நேருக்கு நேர் சந்திக்க விடாத சட்டம் இது" என்று அவர் சலித்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் துணுக்காய் நினைவுக்கு வந்தது. இதே முறைப்பாட்டை, ஏறத்தாழ இதே சொற்களில், அங்கே ஒரு முதியவரிடம் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

2012ஆம் ஆண்டு. மீள்குடியேற்றம் பற்றிய செய்திக்கட்டுரை ஒன்றுக்காக ஏ-9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி, மேற்கே மல்லாவி வழியாகத் துணுக்காய்க்குப் போயிருந்தேன். தறப்பாள் கூரைகளும் அரைகுறைச் சுவர்களும் மாறாத காலம். மதிய வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் பனை நாரைத் திரித்துக்கொண்டிருந்தார். பாளை சீவுவதைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும், தளைநார் உராய்ந்து காய்த்த பாதங்கள் அவருடைய தொழிலைச் சொல்லின. குடாநாட்டிலிருந்து இளவயதில் தகப்பனாருடன் வவுனிக்குளக் குடியேற்றத்துக்கு வந்தவர். பேச்சு மீள்குடியேற்றத்தில் தொடங்கிக் கள்ளில் வந்து நின்றது.

"தம்பி, கொழும்பில இருந்து வாற போத்திலுக்கு ஒரு கடுதாசி காணும். என்ர மரத்தில இருந்து என்ர படலைக்குக் கள்ளு வர எத்தினை கடுதாசி எண்டு உங்களுக்குத் தெரியுமே?" என்றார்.

அன்று நான் எழுதிய கட்டுரையில் இந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவும் இல்லை. அதற்கு விடை தேடப் போனால், இலங்கையில் மதுவுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையின் வரலாறு முழுவதையும் ஒருமுறை நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கள்ளின் இயல்பைச் சொல்ல வேண்டும். பாளையிலிருந்து சொட்டும் சாறு முட்டிக்குள் விழுந்த கணத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது கருப்பணியாக நின்று பனங்கட்டிக்கு உதவும், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது மாலையில் கடுக்கும், மறுநாள் காடியாகும். வைனைப் போல நிலவறையில் கிடந்து விலையேறும் பொருள் அன்று கள். இறக்கியவன் அன்றைக்கே விற்க வேண்டும். குடிப்பவன் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே சட்டம் எதுவும் இல்லாத இடத்தில் கள் விற்பனை என்பது மரத்தடியில், செய்தவனுக்கும் குடிப்பவனுக்கும் இடையில் நேராக நடப்பதே இயற்கை. பனையோலையைக் கோலிச் செய்த பிளாதான் அங்கே பாத்திரமும் அளவையும்.

இந்த நேர்வழியில் குறுக்கே நின்ற முதல் மனிதன் குத்தகைக்காரன். மதுவிலிருந்து வருமானம் திரட்ட ஒல்லாந்தர் கைக்கொண்ட வழி எளிமையானது. ஒரு பகுதியில் மது விற்கும் உரிமையை ஏலத்தில் விடுவது. கூடிய தொகை கேட்டவனுக்குக் கொடுப்பது. அவன் மக்களிடம் எவ்வளவு கறக்கிறான் என்பதைக் கண்டுகொள்ளாதிருப்பது. ஈழத்து முதியோர் வாயில் வழங்கிய 'றேந்தை' என்ற சொல் அந்தக் காலத்தின் எச்சம். ஆங்கிலேயர் இந்த முறையைக் கைவிடவில்லை. 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சாராயம், றம், கள் ஆகியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்தியபோதும் குத்தகையே அதன் முதுகெலும்பாக இருந்தது. தென்னிலங்கையின் பெருஞ்செல்வர் சிலருடைய முதல் மூலதனம் சாராயக் குத்தகையிலிருந்து வந்தது என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். மொறட்டுவையின் சொய்சா குடும்பம் அவற்றுள் மிகப் பெயர் பெற்றது. மரம் ஏறியவனின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

இரண்டாம் மாற்றம் 1912இல் வந்தது. ஆளுநர் ஹென்றி மக்கலம் காலத்தில் இயற்றப்பட்ட 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், திருத்தங்களுடன் இன்றுவரை நம்மை ஆளும் சட்டம். அதன் கீழ் 1913இல் மதுவரித் திணைக்களம் அமைந்தது. அனுமதிப்பத்திரம் இன்றி மது வடிக்கலாகாது, விற்கலாகாது என்பது எல்லா நாட்டுச் சட்டங்களிலும் உள்ளதே. இந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே, மரத்துக்கே ஏறிப்போயிற்று. கள் தரும் மரத்தின் பாளையைச் சீவுவதற்கே அனுமதி வேண்டும் என்றது. சாராயத்தையும் கள்ளையும் வெவ்வேறு கடைகளில் விற்க வேண்டும் என்ற கொள்கையின்படி ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டன. மக்களைக் குடிகாரராக்கும் திட்டம் என்று அதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் மக்கள் தலைவர்களாக உருவாயினர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அரசாங்கம் அவர்களைச் சிறையிலிட்டதும், சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காக வாதாடியதும் யாவரும் அறிந்தவை. இலங்கைத் தேசிய அரசியலின் பிறப்பில் கள்ளுத் தவறணைக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் அது மிகையன்று.

ஆனால் அந்தப் பெரும் வாதத்தில் இரு தரப்புகளே பேசின. ஒன்று, வருமானம் தேடிய அரசு. மற்றது, ஒழுக்கம் காக்க முனைந்த படித்த வகுப்பினர். சீவல் தொழிலாளியை எவரும் அழைத்துக் கேட்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தவறணைக் குத்தகைக்கு மாறாக மரவரி என்றொரு முறை வழங்கியது. தொழிலாளி தான் சீவும் மரங்களுக்கு இவ்வளவு என்று அரசுக்கு வரி செலுத்துவான். மரத்தில் இலக்கம் இடப்படும். இறக்கிய கள்ளை அவனே விற்றுக்கொள்ளலாம். குத்தகைக்காரனும் இல்லை, தவறணையும் இல்லை. துணுக்காயில் நான் சந்தித்த முதியவரின் தகப்பனார் இந்த முறையில் தொழில் செய்தவர். விடியற்காலையும் மாலையும் தகப்பன் மரத்தில் இருப்பார். வீட்டுக் கோடியில் தாய் அளந்து கொடுப்பாள். கணக்கு அவளிடம், காசும் அவளிடம்.

அவர் சொன்ன இன்னொன்றை இங்கே குறித்தாக வேண்டும். "குடிக்கிறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. ரண்டு பிளாவுக்கு மேல கேட்டால், வீட்டை போ, பிள்ளையளுக்கு அரிசி வாங்கிக்கொண்டு போ எண்டு அம்மா சொல்லிப் போடுவா. தவறணையில ஆர் அப்பிடிச் சொல்லுறது?"

நேரடி விற்பனைக்காக உலகெங்கும் முன்வைக்கப்படும் வாதங்களில் இதைவிட வலியதை நான் படித்ததில்லை. இருந்தாலும் ஒரு பத்திரிகையாளன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அந்த மரத்தடி ஒரு சமனான சந்தையாக இருந்ததில்லை. பனைகள் பெரும்பாலும் நிலவுடைமையாளருடையவை. மரத்துக்கு வாரமாகக் கள்ளோ காசோ போகும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கடனுக்குக் குடித்துவிட்டுப் போகும் பெரிய மனிதனிடம் பாக்கியைக் கேட்கும் துணிவு எவனுக்கும் இராது. தொழிலாளியின் கையால் இறக்கிய கள்ளை அவன் வீட்டுக் கோடியில் குந்தியிருந்து குடித்த அதே சமூகம், தன் கிணற்றில் அவனைத் தண்ணீர் அள்ள விடவில்லை. தன் கோயிலுக்குள் நுழைய விடவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அந்தக் கதவு எவ்வளவு இறுகிப் பூட்டியிருந்தது என்பதைக் காட்டியது.

இந்தப் பின்னணியில்தான் 1972ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டளவில் வடக்கில் மரவரி முறை கைவிடப்பட்டு, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. பின்னாளில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று நாம் அறிந்தவை இவையே. தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்து வாங்கும். சங்கத்தின் தவறணையில் அது விற்கப்படும். அனுமதிப்பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. கள்ளைப் போத்தலில் அடைத்து ஆயுளைக் கூட்டும் முயற்சிகளும், திக்கத்தில் பனஞ்சாராய வடிசாலையும் இந்த வரிசையில் வந்தவை.

சங்கத்தால் தொழிலாளி பெற்றது சிறிதன்று. விலை நிலையானது. கடனுக்குக் குடித்தவன் மறைந்தான். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனின் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில் வாசலில் மறிக்கப்பட்ட சமூகத்துக்குத் தன்னுடையதென்று ஒரு கட்டடம், தன்னுடையதென்று தலைவரும் செயலாளரும் எழுதுவினைஞரும் உள்ள ஒரு நிறுவனம் கிடைத்தது. முன்னர் படலைக்கு வெளியே காத்து நின்றவன் கையொப்பமிடும் இடத்துக்கு வந்தான்.

இழந்தவளும் ஒருத்தி உண்டு. வீட்டுக் கோடியில் அளந்து கொடுத்த தாய்க்குத் தவறணையில் இடமில்லை. 1979இல் வெளியான மதுவரி அறிவித்தல், மதுக்கடைக்குள் பெண்களுக்கு விற்பதையும் பெண்களை அங்கே வேலைக்கமர்த்துவதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர இந்தத் தடையை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். சில நாள்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பில் அது மீளப் பெறப்பட்டது. கொழும்புப் பத்திரிகைகள் இதைப் பெண்கள் குடிக்கலாமா என்ற கேள்வியாகவே விவாதித்தன. வடக்கிலே ஒரு காலத்தில் கள்ளின் கணக்கே பெண்ணின் கையில் இருந்தது என்பதை எவரும் நினைவூட்டியதாக நான் அறியேன். நானும் அன்று எழுதவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இனி வன்னிக்கு வருவோம். துணுக்காய்ப் பகுதி குடாநாட்டைப் போலப் பனைகள் நெருங்கி நிற்கும் மண் அன்று. காட்டுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் இடையில், பழைய ஊர்களை ஒட்டிப் பனங்கூடல்கள் ஆங்காங்கே நிற்கும். 1950களில் வவுனிக்குளம் திருத்தப்பட்டபோது காணி பெற்று வந்தவர்கள் தம் தொழிலையும் உடன் கொண்டுவந்தார்கள். விதைத்த பனை பாளை விட 15, 20 ஆண்டுகள் செல்லும். ஆகவே வந்தவர் சீவியது முன்னிருந்தோர் வைத்த மரத்தை. அவர் வைத்தது தம் பிள்ளைகளுக்காக.

அந்தப் பிள்ளைகளின் காலத்தில் போர் வந்தது. பெண்பனையைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. பதுங்குகுழிகளுக்குக் குற்றிகள் தேவைப்பட்டபோது எந்தத் தரப்பும் அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. எறிகணை பட்டுத் தலையிழந்த பனை மீண்டும் துளிர்ப்பதில்லை. 2008இல் போர்முனை துணுக்காயைக் கடந்து கிழக்கே நகர்ந்தபோது ஊர் முழுவதும் அதற்கு முன்னால் நகர்ந்தது. முதியவர் தம் பாளைக்கத்தியைப் புதுக்குடியிருப்புவரை கொண்டுபோயிருக்கிறார். அதற்கப்பால் அது எங்கே போயிற்று என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. முட்கம்பி முகாமிலிருந்து 2009ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பி வந்தபோது, அவர் சீவிய மரங்களுள் எண்ணிச் சில மட்டுமே நின்றன.

திரும்பி வந்த மக்களுக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. நம் நாட்டில் 'வைன் ஸ்ரோர்ஸ்' என்று பெயர்ப்பலகை தாங்கும் கடைகளில் வைனைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே அடுக்கியிருப்பது தென்னஞ்சாராயமும் பியருமே. எஃப்.எல். 4 என வகையிடப்பட்ட சில்லறை அனுமதிப்பத்திரம் ஒன்று இருந்தால் போதும். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அடைத்த போத்தல்கள் வன்னிக் காட்டுக்குள்ளும் வந்து சேரும். முதியவர் சொன்ன 'ஒரு கடுதாசி' இதுதான். 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட மதுபானசாலை அனுமதிகளின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, கிளிநொச்சி மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு சிறு மாவட்டத்துக்கு இத்தனை மதுக்கடைகள் ஏன் என்ற கேள்விக்கு, அரசியல்வாதிகளுக்கு வழங்கப்பட்ட கையூட்டு என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட விடை. ஏலத்தில் விற்ற உரிமை இப்போது சலுகையாகக் கைமாறியது என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

ஏலமும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வர்த்தமானியைப் புரட்டுபவர்கள் கள்ளுத் தவறணைக் குத்தகை விற்பனைக்காகப் பிரதேச செயலாளர்கள் கேள்விப்பத்திரம் கோரும் அறிவித்தல்களை அண்மைக்காலம்வரை பார்த்திருப்பார்கள். ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சொல் அப்படியே இருக்கிறது.

கடல் கடந்து பார்த்தாலும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் என மூன்று படிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் விதித்தன. ஒரு படியிலிருப்பவர் மற்றதில் கால் வைக்கலாகாது. பெருமுதலாளிகள் மதுக்கடைகளைத் தம் பிடிக்குள் வைத்து மக்களைக் குடிக்கத் தூண்டிய பழைய நிலை திரும்பக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2005இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், தன் மாநில வைன் உற்பத்தியாளரை நுகர்வோருக்கு நேரே அனுப்ப விட்டு வெளிமாநிலத்தவரைத் தடுப்பது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இறக்குமதியாளர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள் இறக்குவதே குற்றம். 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. மரத்தடியை மூடிய அரசே மதுக்கடையில் வந்து அமர்ந்துகொண்டது. அதனோடு ஒப்பிட்டால், குறைகள் எத்தனை இருந்தாலும், ஈழத்துச் சீவல் தொழிலாளி சட்டத்துக்கு உள்ளே நின்று தொழில் செய்கிறான் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

இடையில் ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த வரலாறு ஒரே சொல்லில் தீர்த்துவைக்கவில்லை. குத்தகைக்காரன் இடையில் நின்றபோது தொழிலாளி சுரண்டப்பட்டான். எவரும் நிற்காதபோது சாதி வந்து நின்றது. அவனுடைய சொந்தச் சங்கம் நின்றபோது அவன் நிமிர்ந்தான். அரசியல் செல்வாக்குள்ளவனின் அனுமதிப்பத்திரம் வந்து நிற்கும்போது அவன் தொழிலையே விட்டுப் போகிறான். இடையில் நிற்பவன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான் என்பதைப் பார்த்துத்தான் அனுமதிச் சட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க வேண்டும். சங்கங்களை வலுப்படுத்துவதும், அவற்றின் தவறணைக்கு அருகே புதிய மதுக்கடைகளைத் திறக்க விடாதிருப்பதும், கள்ளுக்கும் கருப்பணிக்கும் உரிய சிற்றுற்பத்திக்கு இலகுவான அனுமதி வழங்குவதும் ஆட்சியாளரால் ஆகாத காரியங்கள் அல்ல.

2020இல் கொள்ளைநோய்க்காக ஊரடங்கு விதிக்கப்பட்டபோது தவறணைகள் மூடப்பட்டன. பாளைக்கு ஊரடங்கு தெரியாது. சீவிய மரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். மறு ஆண்டு, மதுபானத்தை இணையவழியாக வீட்டுக்கே அனுப்பலாமா என்று கொழும்பில் ஒரு யோசனை எழுந்து, சுகாதாரத் தரப்பின் எதிர்ப்போடு அடங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது துணுக்காய் முதியவரின் வீட்டுக் கோடியை நினைத்துக்கொண்டேன். செய்தவன் குடிப்பவனுக்கு நேரே கொடுப்பது புதுமை என்று தலைநகரில் விவாதித்தார்கள். அவருடைய தாய் அதைச் செய்தாள். கூடவே, போதும் என்று சொல்லவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரொறன்ரோ நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு ஒரு பெட்டி வைன்தானே பிரச்சினை" என்றார்.